லினக்ஸில் நமக்கென ஒரு டெஸ்க்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குனோம், கேடிஇ போன்ற ஆயத்த டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு, விண்டோ மேனேஜர் (சாளரங்களை நிர்வகிக்கும் நிரல்), பேனல் (திறந்த செயலிகளைக் காட்டும் பட்டை), மெனு என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துத் தமக்கேற்ற திரையை அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைத் தொடர்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

டெஸ்க்டாப்பை மாற்றுவது என்றால் வால்பேப்பர், ஐகான், தீம் எல்லாம் மாற்றுவதுதானே?

இல்லை. தீம் மாற்றும்போது தோற்றம் மட்டும் மாறுகிறது. அடியில் ஓடும் நிரல்கள் அப்படியே இருக்கின்றன. இங்கே நாம் பேசுவது அந்த நிரல்களையே மாற்றுவதைப் பற்றி. லினக்ஸில் இது இயல்பாகச் சாத்தியமாவதற்குக் காரணம், 1984இல் எம்ஐடியில் தொடங்கி 1987இல் தன் 11ஆம் பதிப்பை எட்டிய எக்ஸ் விண்டோ சிஸ்டம் (சுருக்கமாக எக்ஸ்11). திரையில் வரைவதையும், விசைப்பலகையிலிருந்தும் மவுஸிலிருந்தும் வருவதை வாங்குவதையும் மட்டுமே எக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்கிறது. சாளரம் எங்கே நிற்க வேண்டும், தலைப்புப்பட்டை எப்படி இருக்க வேண்டும், ஒன்றை மூடினால் அடுத்து எது முன்னுக்கு வர வேண்டும் என்பவற்றையெல்லாம் அது விண்டோ மேனேஜர் என்னும் தனி நிரலிடம் விட்டுவிடுகிறது. அந்த நிரலும் மற்ற செயலிகளைப் போன்ற ஒன்றுதான் என்பதால் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடிகிறது.

ஆயத்த டெஸ்க்டாப் என்பது விண்டோ மேனேஜரோடு பேனல், அறிவிப்பு, ஒலி, வைஃபை, திரைப்பூட்டு, கடவுச்சொல் பெட்டகம், பென்டிரைவைத் திறந்து தருவது எனப் பல சிறு சேவைகள் சேர்ந்த தொகுப்பு. அவற்றில் பாதி நம் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாத அந்தப் பாதியை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அதற்கு நாமே பொறுப்பேற்றுக்கொள்வதுதான் சொந்த டெஸ்க்டாப் கட்டுவதன் உண்மையான வேலை. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்தப் பாதியிலிருந்து பிறந்தவை.

விண்டோஸில் இதைச் செய்ய முடியாதா? எதற்காக லினக்ஸுக்குப் போக வேண்டும்?

ஓரளவு முடியும். விண்டோஸ் 3.1 காலத்தில் ஓர் அமைப்புக் கோப்பில், திரையை அமைத்துத் தரும் நிரலைக் குறிக்கும் ஷெல் என்ற ஒற்றை வரிதான் புரோகிராம் மேனேஜரைத் தொடங்கியது. விண்டோஸ் 95 வந்தபோது அந்த இடத்தை எக்ஸ்ப்ளோரர் பிடித்தது. இன்றைய விண்டோஸிலும், அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் வின்லாகன் பகுதியில் ஷெல் என்ற மதிப்பு இருக்கிறது. லைட்ஸ்டெப் போன்ற மாற்று ஷெல்கள் இந்த வழியாகத்தான் எக்ஸ்ப்ளோரரின் இடத்தில் அமர்ந்தன. ஆனால் சாளரங்களை நிர்வகிக்கும் பகுதி விண்டோஸுக்குள்ளேயே பொதிந்திருப்பதால், அங்கே மாறுவது டாஸ்க்பாரும் மெனுவும் ஐகான்களும் மட்டுமே. அண்மைக்காலச் செயலிகள் சில, எக்ஸ்ப்ளோரர் ஓடிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன.

மேக்கில் அந்த அளவுக்கும் இடமில்லை. யாபாய் போன்ற கருவிகள் சாளரங்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. ஆனால் அவற்றின் சில வசதிகளுக்காக, 2015இல் ஆப்பிள் கொண்டுவந்த கணினிப் பாதுகாப்பு ஏற்பாட்டை ஓரளவு தளர்த்த வேண்டியிருக்கிறது. திரை அழகுக்காக அதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என் கணினியில் குனோம் இருக்கிறது. அதை அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். குனோமின் முதன்மைத் தொகுப்பை நீக்கிவிட்டு, "இனித் தேவையில்லாதவை" என்று கணினி காட்டும் பட்டியலையும் சேர்த்து நீக்கினால், வைஃபை இணைப்பைக் கவனிக்கும் நிரல் முதல் லாகின் திரை வரை பலவும் கூடவே போய்விடக்கூடும். பிறகு திரும்ப நிறுவ இணையமும் இருக்காது.

புதியதைப் பழையதன் பக்கத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் தன்னைப் பற்றிய ஒரு சிறு கோப்பைக் கணினியின் அமர்வு (செஷன்) பட்டியலில் வைக்கிறது. லாகின் திரை அந்தப் பட்டியலைத்தான் நமக்குக் காட்டுகிறது. ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரை நிறுவியதும் அதன் பெயரும் அங்கே சேர்ந்துவிடும். உபுண்டுவில் பயனர் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு, கடவுச்சொல் கேட்கும் திரையின் ஓரத்தில் ஒரு பல்சக்கரக் குறி தெரியும். அதை அழுத்தினால் எந்த அமர்வு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். புதியது சரியாக அமையும் வரை அலுவலக வேலையைக் குனோமிலும் கட்டும் வேலையைப் புதியதிலும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகும் பழைய அமர்வை நீக்காமல் வைத்திருங்கள். அது பிடிக்கும் வட்டு இடத்தைவிட ஓர் அவசர நாளில் அது தரும் உதவி பெரிது.

எந்த விண்டோ மேனேஜரில் தொடங்கலாம்? ஐ3 என்கிறார்கள், டிடபிள்யூஎம் என்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மிதக்க வேண்டுமா, அல்லது ஓடு பதித்தாற்போல் ஒன்றை ஒன்று மறைக்காமல் திரையைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமா? மிதக்கும் முறை விண்டோஸிலும் குனோமிலும் கைப்பழக்கமானது; ஓப்பன்பாக்ஸ், ஃப்ளக்ஸ்பாக்ஸ் ஆகியவை அந்த வகை. ஐ3, டிடபிள்யூஎம் இரண்டும் ஓடு பதிக்கும் வகை. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விசைப்பலகையிலிருந்தே செய்ய வேண்டும். டிடபிள்யூஎம்முக்கு அமைப்புக் கோப்பு என்று தனியாக இல்லை. அதன் சி மொழி மூலக் குறிமுறையில் ஒரு தலைப்புக் கோப்பைத் திருத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

முதன்முறை கட்டுகிறவருக்கு நான் ஓப்பன்பாக்ஸைத்தான் சொல்லுவேன். 2015இல் வந்த 3.6.1 பதிப்பிலேயே அது நின்றுவிட்டாலும், எக்ஸ்11 முறையில் இன்றும் உறுதியாக ஓடுகிறது. பழைய பழக்கத்தையும் புதிய அமைப்பையும் ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்ளும் சுமையை அது உங்கள்மேல் ஏற்றுவதில்லை. நாள் முழுவதும் டெர்மினலிலும் எடிட்டரிலும் இருக்கிறவர் என்றால் நேராக ஐ3க்குப் போகலாம்.

ஓப்பன்பாக்ஸ் போட்டு உள்ளே போனால் வெறும் திரைதான் இருக்கிறது. ஏதாவது கெட்டுப்போய்விட்டதா?

எதுவும் கெடவில்லை. விண்டோ மேனேஜரின் வேலை சாளரங்களை நிர்வகிப்பது மட்டுமே. திறந்த சாளரம் எதுவும் இல்லாதபோது காட்டுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. வெற்றுத் திரையில் வலது கிளிக் செய்தால் மெனு வரும். அங்கிருந்து டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தை) திறந்து மற்றவற்றைச் சேர்க்கத் தொடங்கலாம்.

நான் சேர்க்கும் வரிசை இது: முதலில் டின்ட்2 என்ற பேனல், அடுத்து வைஃபைக்கான நெட்வொர்க் மேனேஜர் ஆப்லெட், பிறகு செயலிகளைத் தேடித் திறக்க ரோஃபி, அறிவிப்புகளுக்கு டன்ஸ்ட், வால்பேப்பருக்கு ஃபே, கோப்புகளுக்கு பிசிமேன்எஃப்எம் அல்லது துனார். நிழலும் ஒளி ஊடுருவலும் வேண்டுமானால் பிகாம். அதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வையுங்கள். திரை மினுங்குவது, காணொளி கிழிந்தாற்போல் தெரிவது போன்ற சிக்கல் வந்தால், அது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க அந்த வரிசை உதவும்.

ஆட்டோஸ்டார்ட்டில் ஐந்து நிரல்களை எழுதினேன், முதல் ஒன்றுதான் ஓடுகிறது. ஏன்?

அந்த வரியின் முடிவில் & குறி இல்லாமல் இருக்கும். அமர்வு தொடங்கும்போது ஓட வேண்டிய நிரல்களை எழுதும் ஓப்பன்பாக்ஸின் ஆட்டோஸ்டார்ட் கோப்பு ஒரு சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட். இங்கே ஷெல் என்பது கட்டளைகளை வரிவரியாகப் படித்து ஓட்டும் நிரல். ஷெல் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்த வரிக்கு வரும். பேனல் போன்ற நிரலோ நாம் வெளியேறும் வரை முடிவதே இல்லை. வரியின் இறுதியில் & இட்டால் அந்த நிரல் பின்னணிக்குப் போய்விடும், ஷெல் அடுத்த வரியைப் படிக்கும்.

இதே கோப்பைப் பற்றி இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். தமிழ்த் தட்டச்சுப் பற்றிய கேள்வியில் இது தேவைப்படும். ஆட்டோஸ்டார்ட் தனியொரு செயல்முறையாக ஓடுவதால், அதற்குள் நீங்கள் அமைக்கும் சூழல் மாறிகள் (நிரல்கள் தொடங்கும்போது பார்க்கும் பெயரிட்ட அமைப்புகள்) அதிலிருந்து தொடங்கும் நிரல்களுக்கு மட்டுமே தெரியும். மெனுவிலிருந்து திறக்கும் செயலிகளுக்கு அவை போய்ச் சேராது. எல்லாச் செயலிகளுக்கும் தெரிய வேண்டியவற்றை அதே அடைவில் உள்ள என்விரான்மென்ட் என்ற கோப்பில் எழுத வேண்டும். ஓப்பன்பாக்ஸ் தொடங்குவதற்கு முன்பே அது படிக்கப்பட்டுவிடுகிறது.

இப்படி மாற்றினால் என் பழைய லேப்டாப் வேகமாகிவிடுமா?

லாகின் செய்து திரை வருவது விரைவாகும், செயலி எதுவும் திறக்காத நிலையில் நினைவகம் மிச்சமாகும். ஆனால் பிரௌசரில் பத்துப் பக்கங்களைத் திறந்ததும் அந்த மிச்சம் போய்விடும். 4 ஜிபி நினைவகமும் சுழலும் வட்டும் உள்ள கணினியில், அந்த வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது எந்த விண்டோ மேனேஜரைவிடவும் அதிகப் பலன் தரும். சொந்த டெஸ்க்டாப்பை உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற ஒரு பணியிடத்துக்காகக் கட்டுங்கள். வேகம் அதோடு கிடைத்தால் கிடைக்கட்டும்.

ஒலியைக் கூட்டும் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. டிரைவர் பிரச்சினையா?

டிரைவர் சரியாகவே இருக்கும். அந்த விசையை அழுத்தினால் ஒலியைக் கூட்ட வேண்டும் என்று இதுவரை குனோம்தான் முடிவுசெய்து வந்தது. இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. டெர்மினலில் எக்ஸ்ஈவி என்ற சிறு நிரலை ஓட்டி அந்த விசையை அழுத்திப் பார்த்தால் அதன் பெயர் திரையில் வரும். அந்தப் பெயரை ஓப்பன்பாக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில் உள்ள விசைப் பகுதியில் எழுதி, ஒலியை மாற்றும் கட்டளையோடு இணைத்துவிட்டு, அமைப்பை மீண்டும் படிக்கச் சொன்னால் போதும். திரை ஒளிக்கும் இதே வழிதான்.

பார்ட்டிஷன் மென்பொருள், சாஃப்ட்வேர் நிறுவும் மென்பொருள் எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை.

முதல் விடையில் சொன்ன கண்ணில் படாத பாதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அத்தகைய மென்பொருள்கள் நிர்வாகி அனுமதி கேட்கும்போது, போல்கிட் என்ற சேவை அந்தக் கோரிக்கையை வாங்கி, "கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கு" என்று டெஸ்க்டாப்பில் ஓடும் ஒரு முகவர் நிரலிடம் ஒப்படைக்கிறது. குனோமில் அந்த முகவர் உள்ளேயே இருக்கிறது. நம்முடைய புதிய அமர்விலோ அப்படி ஒரு முகவரே இல்லை. கேட்க ஆளில்லாததால் கோரிக்கை ஓசையின்றி மறுக்கப்படுகிறது.

எல்எக்ஸ்போல்கிட் என்ற சிறு நிரலை நிறுவி ஆட்டோஸ்டார்ட்டில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

மூடியை மூடினால் லேப்டாப் தூங்குகிறது. திறந்தால் கடவுச்சொல் கேட்காமலே திரை வந்துவிடுகிறது. இது சரியா?

சரியே இல்லை, முதல் நாளே சரிசெய்ய வேண்டிய விஷயம் இது. மூடியை மூடும்போது கணினியைத் தூங்க வைப்பது, கணினியின் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் லாகின் சேவை. அது எந்த டெஸ்க்டாப்பையும் சார்ந்ததல்ல என்பதால் புதிய அமர்விலும் வேலை செய்கிறது. திரையைப் பூட்டுவதோ டெஸ்க்டாப்பின் பொறுப்பு. எக்ஸ்எஸ்எஸ்-லாக் என்ற நிரலை ஆட்டோஸ்டார்ட்டில் வைத்து, அது ஐ3லாக் என்ற பூட்டு நிரலை அழைக்குமாறு அமைத்தால், தூங்கப் போகும் செய்தி வந்ததும் திரை பூட்டப்படும். அமைத்த பிறகு மூடியை ஒருமுறை மூடித் திறந்து கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்11 முறையில் பூட்டுத் திரையும் ஒரு சாதாரணச் சாளரம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏதோ காரணத்தால் பூட்டு நிரல் நின்றுபோனால் அடியில் இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். அலுவலகத்திலோ விடுதியிலோ பலர் நடுவே கணினியை வைத்திருப்பவர்கள் எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலாண்டு பற்றிப் பின்னால் வரும் விடையைப் பார்க்கவும்.

பேனலிலும் மெனுவிலும் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. எழுத்துருவை மாற்றியும் சரியாகவில்லை.

எழுத்தே வராமல் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் அது எழுத்துரு இல்லாத குறை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் நிறுவினால் சரியாகும். எழுத்துகள் வந்தும் இடம் மாறி நின்றால் காரணம் வேறு. 'கெ' என்பதில் ஒலிப்பு வரிசைப்படி முதலில் ககரமும் பிறகு கொம்பும் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரலகம். டிடபிள்யூஎம்மும் டிமெனு என்ற மெனு நிரலும் எளிமைக்காக அந்தப் படியைத் தவிர்த்துவிட்டு எழுத்துகளை வந்த வரிசையிலேயே வரைகின்றன. அதனால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. எந்த எழுத்துருவைப் போட்டாலும் இது மாறாது.

ஆகவே தமிழ்ப் பெயரில் கோப்புகளும் தமிழில் சாளரத் தலைப்புகளும் உள்ளவர்கள், பேங்கோ நிரலகத்தின் வழியாக எழுத்தை வரையும் கருவிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். டின்ட்2, ரோஃபி, டன்ஸ்ட், ஐ3 ஆகியவை அவ்வாறு வரைபவை. ஐ3யில் மட்டும் எழுத்துருவைக் குறிப்பிடும் வரியில் பேங்கோவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். ஒரு கருவியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் 'கொடுத்தேன்' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, உகரம், புள்ளி நான்கையும் அந்த ஒரு சொல்லிலேயே சோதித்துவிடலாம்.

ஐபஸ் ஐகான் பேனலில் இருக்கிறது, தமிழ்99 தேர்வாகியும் இருக்கிறது. ஆனால் சில செயலிகளில் ஆங்கிலம்தான் விழுகிறது.

ஐபஸ் என்பது விசைகளைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் உள்ளீட்டு நிரல். அது ஓடினால் மட்டும் போதாது. "உள்ளீட்டை ஐபஸிடம் கேட்டு வாங்கு" என்று ஒவ்வொரு செயலிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜிடிகே, க்யூட்டி என்பவை செயலிகளின் சாளரங்களை வரையும் இரு நிரலகங்கள். ஜிடிகே செயலிகளுக்கு ஒன்று, க்யூட்டி செயலிகளுக்கு ஒன்று, பழைய எக்ஸ் செயலிகளுக்கு ஒன்று என மூன்று சூழல் மாறிகள் அந்தச் செய்தியைக் கொண்டுசெல்கின்றன. அவற்றை ஆட்டோஸ்டார்ட்டில் எழுதினால் ஏன் பலிக்காது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். என்விரான்மென்ட் கோப்பில் எழுதுங்கள். அல்லது டெபியன், உபுண்டுவில் உள்ள ஐஎம்-கான்ஃபிக் கருவியிடம் அந்த வேலையை விடுங்கள். பிறகு முழுமையாக வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும்.

விண்டோ மேனேஜரிலேயே தமிழ் விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே கிடைப்பது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற நேரடிப் பொருத்தம். தமிழ்99இன் சிறப்பே, மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்தின்மேல் தானாகப் புள்ளி விழுவதும், ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் 'ங்க' என அமைவதும்தான். அதற்கு முன்பின் எழுத்தை அறிந்த ஓர் உள்ளீட்டு நிரல் தேவை. ஐபஸின் எம்17என் தொகுப்பு அதைத் தருகிறது. மொழி மாற்றும் விசையை ஓப்பன்பாக்ஸில் வேறு எதற்காவது கொடுத்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோ மேனேஜர் பிடித்துக்கொண்ட விசை ஐபஸுக்குக் கிடைக்காது.

எக்ஸ்11 காலம் முடிந்துவிட்டது, இனி வேலாண்டுதான் என்கிறார்கள். இப்போது ஓப்பன்பாக்ஸ் கற்பது வீணா?

காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலாண்டு முறையில் எக்ஸ் சர்வரும் விண்டோ மேனேஜரும் கம்பாசிட்டர் என்ற ஒரே நிரலாக இணைந்துவிடுகின்றன. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் குனோமுக்கான எக்ஸ்11 அமர்வே இல்லை. வேலாண்டில் ஒரு செயலி மற்றொரு செயலியின் விசை அழுத்தங்களை ஒட்டுக்கேட்க முடியாது, எக்ஸ்11இல் முடியும். பூட்டுத் திரைக்கும் அங்கே தனி நெறிமுறை உண்டு. ஸ்வேலாக் போன்ற பூட்டு நிரல் நின்றுபோனாலும் திரை பூட்டியபடியே இருக்கும்.

ஆனால் கற்றது வீணாகாது. ஐ3யின் அமைப்புக் கோப்பை, அதைப் போலவே அமைந்த வேலாண்டு கம்பாசிட்டரான ஸ்வேயில் ஏறக்குறைய அப்படியே பயன்படுத்தலாம். ஓப்பன்பாக்ஸை முன்மாதிரியாகக் கொண்ட லேப்டபிள்யூசி என்ற கம்பாசிட்டர் இருக்கிறது. ராஸ்பெரி பை கணினிகளின் இயங்குதளமே 2024 அக்டோபரில் அதற்கு மாறிவிட்டது. புதிய கணினியில் இன்று தொடங்குகிறவர் லேப்டபிள்யூசியிலோ ஸ்வேயிலோ தொடங்கலாம். டின்ட்2க்குப் பதில் வேபார், எக்ஸ்எஸ்எஸ்-லாக்குக்குப் பதில் ஸ்வேஐடில் என்று துணைக் கருவிகள் மாறும். பொறுப்பேற்க வேண்டிய வேலைகளின் பட்டியல் அதேதான்.

ஸ்வேயில் சில செயலிகள் திறக்க இருபது முப்பது வினாடி ஆகின்றன. திறந்த பிறகு வேகமாக ஓடுகின்றன. கணினி பலவீனமா?

காத்திருப்பு ஏறத்தாழ 25 வினாடி என்றால் கணினியின் மேல் குறையில்லை. செயலிகள் கோப்புத் தேர்வு, திரைப் பகிர்வு, தோற்ற அமைப்பு ஆகியவற்றுக்காகப் போர்ட்டல் என்ற பின்னணிச் சேவையை அழைக்கின்றன. அந்தச் சேவையைச் சிஸ்டம்டி தொடங்குகிறது. எந்தத் திரையில் நாம் இருக்கிறோம் என்ற தகவல் சிஸ்டம்டிக்குத் தெரியாவிட்டால் போர்ட்டல் தொடங்க முடியாமல் திணறும். செயலியோ விடைக்காக டி-பஸ் செய்தி முறையின் இயல்பான கெடுவான 25 வினாடி முடியும் வரை காத்திருந்துவிட்டுத் தானாகத் திறக்கும்.

ஸ்வே தொடங்கியதும், திரையின் பெயரையும் டெஸ்க்டாப்பின் பெயரையும் தாங்கிய சூழல் மாறிகளைச் சிஸ்டம்டிக்கும் டி-பஸுக்கும் தெரிவிக்கும் வரியை அமைப்புக் கோப்பின் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும். வீடியோ கூட்டங்களில் திரையைப் பகிர முடியவில்லை என்ற புகாரும் பல நேரங்களில் இதே வரியால் தீர்ந்துவிடுகிறது.

விண்டோ மேனேஜரையே நானே எழுத ஆசை. தனி ஒருவரால் முடிகிற காரியமா?

முடியும். எக்ஸ்11இல் சாளரத்தை நகர்த்தவும் அளவு மாற்றவும் மட்டும் தெரிந்த டைனிடபிள்யூஎம் சுமார் 50 வரிகள்தான். திரையின் வேர்ச் சாளரத்திடம் "இனி யார் சாளரம் திறக்க வந்தாலும் என்னைக் கேட்டுச் செய்" என்று பதிவுசெய்துகொள்ளும் நிரலே விண்டோ மேனேஜர். ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் அந்த உரிமை கிடைக்கும். ஓப்பன்பாக்ஸ் ஓடும் திரையிலேயே உங்கள் நிரலை ஓட்டிப் பார்த்தால் அனுமதி மறுப்புப் பிழை வருவது அதனால்தான். செஃபிர் என்ற கருவி ஒரு சாளரத்துக்குள் தனியொரு எக்ஸ் திரையைத் திறந்து தரும். அதற்குள் சோதியுங்கள், உங்கள் நிரல் செயலிழந்தாலும் வெளியே உள்ள வேலைக்கு ஒன்றும் ஆகாது.

கடினம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. செயலிகளும் விண்டோ மேனேஜரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இரண்டு விதித்தொகுப்புகள் உண்டு. அவற்றைப் பின்பற்றாவிட்டால் பேனல் எந்தச் சாளரத்தையும் காட்டாது, வீடியோ முழுத்திரைக்குப் போகாது, உரையாடல் பெட்டிகள் தாய்ச்சாளரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும். பைத்தான் தெரிந்தவர்கள் முதலில் க்யூடைல் என்ற விண்டோ மேனேஜரில் தொடங்குவது நல்லது. அமைப்புக் கோப்பே பைத்தான் நிரல் என்பதால், விதிகளின் சுமை இல்லாமல் சாளரங்களின் நடத்தையை உங்கள் விருப்பப்படி எழுதிப் பார்க்கலாம்.

கட்டி முடித்த டெஸ்க்டாப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோவது எப்படி?

அநேகமாக எல்லா அமைப்புகளும் உங்கள் முகப்பு அடைவின் மறைந்த கான்ஃபிக் அடைவில் எளிய உரைக் கோப்புகளாகவே இருக்கின்றன. நீங்கள் கையால் திருத்தியவற்றை மட்டும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (git) கருவியில் சேர்த்து வையுங்கள். முழு அடைவையும் சேர்த்துப் பொதுவெளியில் ஏற்றினால் பிரௌசர் தரவும் கடவுச்சொற்களும் கூடப் போய்விடலாம். நிறுவிய தொகுப்புகளின் பெயர்ப் பட்டியலையும் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கணினியில் மாற வேண்டியவை சில உண்டு: திரையின் பெயர், திரையின் அடர்த்தி, வைஃபை கருவியின் பெயர், லேப்டாப் என்றால் மின்கலத்தின் பெயர். இவற்றை ஒரே கோப்பில் ஒதுக்கி, மற்றக் கோப்புகள் அதைப் படிக்குமாறு அமைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு கோப்பை மட்டும் திருத்தினால் போதும்.